டி. டி. கோசாம்பி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோசாம்பி கணிதரா, வரலாற்றாசிரியரா?

சம்பளம் வாங்கியது கணிதத்துக்கு. இன்று பெயர் நிலைத்திருப்பது வரலாற்றில். தாமோதர் தர்மானந்த கோசாம்பி 1907 ஜூலை 31 அன்று, அப்போது போர்ச்சுகீசியர் ஆட்சியில் இருந்த கோவாவில் பிறந்தார். தந்தை தர்மானந்த கோசாம்பி பாலி மொழியிலும் பௌத்தத்திலும் பெரும் அறிஞர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்ற 1918இல் கிளம்பியபோது மகனையும் கூட்டிக்கொண்டு போனார். மகன் அங்கேயே பள்ளிப்படிப்பை முடித்து, 1929இல் ஹார்வர்டில் மிக உயர்ந்த சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்றார். முனைவர் பட்டம் வாங்கவே இல்லை.

ஊர் திரும்பியதும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம், பிறகு அலிகார், பிறகு புனேயின் பெர்குசன் கல்லூரி என்று கணிதம் கற்பித்தார். 1945இல் ஹோமி பாபா அழைக்க, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து 1962 வரை அங்கே இருந்தார். வீடு புனேயில், வேலை பம்பாயில். டெக்கான் குயின் ரயிலில் போய்வந்தார். 1966 ஜூன் 29 அன்று, 58 வயதில், தூக்கத்திலேயே இறந்தார்.

எண்களை விட்டுவிட்டு வரலாற்றுக்குப் போனவர் என்று இவரைச் சொல்வது சரியில்லை. எண்ணுவது, எடை போடுவது, நடந்து போய்ப் பார்ப்பது என்கிற பழக்கங்களை அவர் எங்கும் விடவில்லை. காசு, சுவடி, கிராமத் தெய்வம், மின்சாரம் என எதை எடுத்தாலும் அணுகுமுறை அதுதான். அதைப் பிடித்துக்கொண்டால் அவருடைய எழுத்தில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்பதும் விளங்கும்.

கணிதத்திலிருந்து வரலாற்றுக்கு எப்படி வந்து சேர்ந்தார்?

பிற்காலக் கட்டுரை ஒன்றில் அவரே வழியைச் சொல்லியிருக்கிறார். புள்ளியியலைக் கற்றுக்கொள்ள உண்மையான தரவுள்ள சிக்கல் ஒன்று தேவைப்பட்டது. பழைய வெள்ளிக் காசுகளின் எடையை எடுத்துக்கொண்டார். எடையை வைத்துக் காசுகளை முன்பின்னாக வரிசைப்படுத்தியதும் அடுத்த கேள்வி வந்தது: இவற்றை அடித்தவர் யார்? அதற்குப் புராணங்கள், பௌத்த, சமண நூல்கள் என்று போக வேண்டியிருந்தது. அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டன. நம்பத்தகுந்த பாடம் எது என்று தீர்மானிக்க சமஸ்கிருதத்தில் ஆழமாக இறங்க வேண்டியிருந்தது. பயிற்சிக்கு சமஸ்கிருதக் கவி பர்த்ருஹரியின் பாடல்களை எடுத்தார். அதுவே பெரிய பதிப்புப் பணியாக வளர்ந்தது. இப்படிப் பாடியவன் எந்தச் சமூகத்தில் வாழ்ந்தான் என்ற கேள்வி அங்கிருந்து பிறந்தது. அதற்கு நூலகம் போதவில்லை. மலையேறி, மேய்ச்சல் தடங்களில் நடந்து, ஊர் மக்களிடம் கேட்கத் தொடங்கினார்.

காசுகளை எடை போட்டு அவர் என்ன கண்டுபிடித்தார்?

முத்திரைக் காசு என்பது சுமார் 3.4 கிராம் எடையுள்ள வெள்ளித் துண்டு. தகட்டை வெட்டி, கூடுதல் எடையை மூலையில் கத்தரித்துச் சரிசெய்து, முன்பக்கம் பொதுவாக ஐந்து முத்திரைகள் அடித்திருப்பார்கள். அரசன் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, எழுத்தே இல்லை. பின்பக்கத்தில் சின்னச் சின்ன முத்திரைகள், சில காசுகளில் ஒன்றிரண்டு, சிலவற்றில் நிறைய. அந்தச் சின்னங்கள் எதைக் குறிக்கின்றன என்று ஊகிப்பதிலேயே நாணயவியல் காலம் கடத்திக்கொண்டிருந்தது.

கோசாம்பி முதலில் எடையைப் பார்த்தார். தட்சசீலத்தில் கிடைத்த காசுப் புதையல்களின் எடைப் பட்டியல் அச்சாகியிருந்தது. அதில் பின்பக்க முத்திரை கூடக் கூட சராசரி எடை குறைந்துகொண்டே போனது. கைமாறித் தேய்ந்த காசை வணிகர்களோ பொற்கொல்லர்களோ அவ்வப்போது சோதித்து, 'பார்த்தாயிற்று' என்று அடித்த அடையாளங்களே பின்பக்க முத்திரைகள் என்றால் இது பொருந்திவிடுகிறது. தேய்மானம் உண்மையிலேயே ஒழுங்காக நடக்கிறதா என்று உறுதிசெய்ய, தம் காலத்தில் புழக்கத்தில் இருந்த காசுகளையும் ஆயிரக்கணக்கில் எடை போட்டார். அவற்றில் ஆண்டு பொறித்திருப்பதால் வயது தெரியும். பழையதும் புதியதுமாக அவர் எடை போட்டவை 12,000 அளவுக்கு வரும்.

புழக்கத்தில் உள்ள காசுக்கு இரண்டு நடக்கும். சராசரி எடை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரே அளவு குறையும். கூடவே, காசுக்குக் காசு எடை வேறுபாடு விரியும். சிலது பெட்டியில் கிடக்கும், சிலது நாள்தோறும் கைமாறும் அல்லவா? விளக்கத்துக்காகக் கற்பனை எண்கள்: அச்சடித்தபோது சராசரி 3.40 கிராம், திட்டவிலக்கம் (எடைகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 40 மில்லிகிராம். ஆண்டுக்குச் சராசரித் தேய்மானம் 2 மில்லிகிராம், அதன் திட்டவிலக்கம் 3. நூறு ஆண்டில் சராசரி 3.20 கிராமுக்கு இறங்கும். திட்டவிலக்கத்தில் விலக்கங்களை நேராகக் கூட்டக் கூடாது, வர்க்கங்களைக் கூட்ட வேண்டும். தேய்மானத்தால் வருவது 3 பெருக்கல் 10 (நூறு ஆண்டின் வர்க்கமூலம்), அதாவது 30. தொடக்கத்தின் 40உடன் சேர்த்தால் 1600 கூட்டல் 900, மொத்தம் 2500. அதன் வர்க்கமூலம் 50 மில்லிகிராம். சராசரி இறங்கி விலக்கம் விரிந்திருந்தால் நீண்ட புழக்கம். சராசரி குறைவு, விலக்கம் மட்டும் விரியவில்லை என்றால் தேய்மானம் இல்லை. அடிக்கும்போதே எடைத்தரத்தைக் குறைத்திருக்கிறார்கள். ஒரே அளவீட்டிலிருந்து இரண்டையும் பிரித்தறியலாம் என்பதுதான் இந்த முறையின் பலம்.

எத்தனை காசு இருந்தால் போதும்?

மேலே சொன்ன கற்பனைக் கணக்கையே தொடர்வோம். விலக்கம் 50 மில்லிகிராம் உள்ள 25 காசுகளின் சராசரியில் பிழை 50 வகுத்தல் 5, அதாவது 10 மில்லிகிராம். ஆண்டுக்கு 2 மில்லிகிராம் தேய்மானம் என்றால் அது ஐந்தாண்டுப் பிழை. ஐந்தே காசு என்றால் பிழை 22 மில்லிகிராம், அதாவது பதினோராண்டு. ஒற்றைக் காசை எடை போட்டு வயது சொல்லவே முடியாது. பிழை 25 ஆண்டு வந்துவிடும், அதுவும் தொடக்கச் சராசரி துல்லியமாகத் தெரிந்திருந்தால்தான். காசுகளைப் படம் பிடித்து 'இது எந்தக் காலம்?' என்று கேட்பவர்களுக்குச் சொல்லக்கூடிய பதில் இதுதான்.

இந்த முறை எங்கே சறுக்கும்?

வெவ்வேறு இடங்களில் கிடைத்த காசுகளைக் கலந்தால் சறுக்கும். மண்ணுக்குள் நடக்கும் அரிப்பு இடத்துக்கு இடம் மாறுகிறது. ஈரமண்ணில் செம்புக் கலப்பு கரைந்து வெளியேறும், அதற்கும் புழக்கத்துக்கும் தொடர்பில்லை. ஆகவே ஒரே புதையலில், ஒரே முத்திரைத் தொகுதியைச் சேர்ந்த காசுகளை மட்டுமே ஒப்பிட வேண்டும். அமிலத்தில் போட்டுப் பளபளவென்று ஆக்கிய காசு இந்தக் கணக்குக்கு உதவாது. எவ்வளவு வெள்ளி போயிற்று என்று யாருக்கும் தெரியாது. உடைந்தவற்றையும் வெட்டிச் சுரண்டியவற்றையும் தனியாக ஒதுக்குங்கள். சேமித்தவரே கனமான காசாகப் பொறுக்கி எடுத்துப் புதைத்திருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்படியென்றால் சராசரி மேலே தூக்கிக் காட்டும், விலக்கம் செயற்கையாகச் சுருங்கும்.

முத்திரைக் காசுகள் தமிழ்நாட்டிலும் கிடைத்துள்ளன; போடிநாயக்கனூர்ப் புதையல் பெயர்பெற்றது. புதிதாக எதுவும் கையில் கிடைத்தால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்க, பிரித்து விற்றுவிட்ட புதையலில் இப்படிப்பட்ட கணக்கைப் போடவே முடியாது. காசுக்கு ஒரு சேகரிப்பாளர் என்று சிதறினால் தரவு அழிந்தது, அவ்வளவுதான்.

மரபியலில் 'கோசாம்பி சார்பு' என்று வருகிறதே, அது இவரா?

இவரேதான். பயிர் மரபியல் படிப்பவர்கள் பலருக்கு இவர் வரலாறு எழுதியது தெரியாது. வரலாறு படிப்பவர்களுக்கு இந்தச் சூத்திரம் தெரியாது.

ஒரு நிறப்புரியில் இரண்டு மரபணுக்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று அறிய, சந்ததியில் அவை எத்தனை விழுக்காடு பிரிந்து மறுசேர்க்கை அடைந்தன என்று எண்ணுவார்கள். சிக்கல் எங்கே என்றால், இரண்டு இடத்தில் குறுக்குமாற்றம் (இணை நிறப்புரிகள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) நடந்தால் ஒன்றை ஒன்று ரத்துசெய்துவிடும், எண்ணிக்கையில் வராது. மரபியலாளர் ஹால்டேன் 1919இல் தந்த சூத்திரம் குறுக்குமாற்றங்கள் ஒன்றையொன்று பாதிப்பதில்லை என்று எடுத்துக்கொண்டது. உண்மையில் ஓரிடத்தில் நடந்தால் பக்கத்தில் நடப்பது தடைபடும். கோசாம்பி 1944இல் அந்தத் தடையைச் சேர்த்தார்: தொலைவு கிட்டே இருக்கும்போது தடை முழுமை, தொலைவு கூடக் கூடத் தடை தளர்ந்து இல்லாமலே போகும்.

மறுசேர்க்கை விகிதம் r என்றால், தொலைவு = ¼ × மடக்கை[(1+2r)/(1−2r)]. இங்கே மடக்கை என்பது இயற்கை மடக்கை. விடை மார்கன் என்ற அலகில் வரும், 100ஆல் பெருக்கினால் சென்டிமார்கன். r = 0.20 என்று போட்டுப் பாருங்கள். 1.4 வகுத்தல் 0.6 என்பது 2.333, அதன் மடக்கை 0.847, கால்பங்கு 0.212. ஆகத் தொலைவு 21.2 சென்டிமார்கன். ஹால்டேன் சூத்திரத்தில் இதே r 25.5 தரும். r = 0.05 என்றால் 5.02க்கும் 5.27க்கும் பெரிய வித்தியாசமில்லை. r = 0.35 என்றால் 43.4 எங்கே, 60.2 எங்கே!

அதிகம் நடக்கும் தவறு, ஒருவர் ஹால்டேனில் வரைந்த வரைபடத்தை இன்னொருவர் கோசாம்பியில் வரைந்ததோடு ஒப்பிட்டு 'நம் வரைபடம் சுருங்கியிருக்கிறது' என்று முடிவுக்கு வருவது. மென்பொருள்களில் இரண்டும் தேர்வாக இருக்கும். எதைத் தேர்ந்தீர்கள் என்பதை ஆய்வேட்டில் எழுதியே ஆக வேண்டும். மாதிரி சிறியதாக இருந்து r 0.5ஐத் தொட்டால் மடக்கைக்குள் பகுதி சுழியமாகும், விடை முடிவிலிக்கு ஓடும். அப்படிப்பட்ட இணைக்குத் தொலைவு என்று எதையும் குறிக்காதீர்கள். தொடர்பில்லாதவை என்று விடுங்கள்.

கணிதத்தில் வேறென்ன செய்தார்?

பாதைவெளி வடிவியலில் இவர் 1933இல் எழுதியதைத் தொடர்ந்து ஏலி கார்த்தனும், பிறகு சேர்னும் எழுதினார்கள். அந்தக் கோட்பாடு மூவர் பெயரிலும் வழங்குகிறது. சமவாய்ப்புச் சார்புகளை ஒன்றோடொன்று தொடர்பற்ற கூறுகளாகப் பிரிக்கும் வழியை 1943இல் ஓர் இந்திய ஆய்விதழில் எழுதினார். அதே முடிவைச் சில ஆண்டுகள் கழித்துக் கார்ஹுனனும் லோவேயும் தனித்தனியே அடைந்தார்கள். உலகம் அவர்கள் பெயரால்தான் அதை அறிந்தது. இப்போதுதான் சிலர் கோசாம்பி பெயரையும் முன்னால் சேர்க்கிறார்கள். போர்க்காலத்தில், வெளியே போகாத இதழில் வந்தது என்பதைத் தவிர இந்தப் புறக்கணிப்புக்குப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

பூர்பாக்கி என்ற கற்பனைக் கணிதரின் பெயரை இவர் அச்சில் பயன்படுத்தினார் என்ற செய்தியும் உண்மையே. 1931இல் 'பூர்பாக்கியின் இரண்டாம் தேற்றம்' என்று இல்லாத ஒருவரின் தேற்றத்தைத் தலைப்பில் போட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். அலிகாரில் உடன் இருந்த பிரெஞ்சுக் கணிதர் ஆந்த்ரே வெயில் தூண்டிவிட்ட குறும்பு அது. பிரெஞ்சுக் கணிதர் குழு ஒன்று அந்தப் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது அதற்குப் பின்னர்தான்.

ரீமான் கருதுகோளை நிரூபித்ததாகச் சொன்னாரா?

சொன்னார், அது தவறாகப் போனது. பகா எண்களின் பரவலோடு தொடர்புள்ள, இன்னும் நிரூபிக்கப்படாத கூற்று அது. பகா எண்களின் பரவலை நிகழ்தகவுக் கோட்பாட்டால் அணுகி, 1959இல் வேளாண்மைப் புள்ளியியல் இதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டார். எண் கோட்பாட்டினர் ஏற்கவில்லை. இவ்வகை வாதங்களின் ஓட்டை இங்கே இருக்கிறது: சமவாய்ப்பாகப் பொறுக்கிய தொடர்களில் 'ஏறத்தாழ எல்லாவற்றுக்கும்' ஒரு பண்பு பொருந்தும் என்று நிகழ்தகவு சொல்லும். பகா எண்களோ ஒரே ஒரு குறிப்பிட்ட தொடர். அது அந்த 'ஏறத்தாழ எல்லாவற்றில்' அடங்குமா, விதிவிலக்கில் அடங்குமா என்பதை நிகழ்தகவு சொல்லாது. அந்தப் பாலத்தைத்தான் அவரால் கட்ட முடியவில்லை. டுக்ரே என்ற புனைபெயரிலும் பின்னர் எண் கோட்பாட்டுக் கட்டுரைகள் எழுதினார். இந்த முயற்சி அவர் பெயரைக் கணித உலகில் பலமாகக் கெடுத்தது. அதை வைத்து மற்ற பணிகளையும் எடை போடுவது நியாயமில்லை.

பர்த்ருஹரி பதிப்பில் என்ன புதுமை?

நீதி, சிருங்காரம், வைராக்கியம் என்று மூன்று சதகங்கள். நூறு, நூறு, நூறு என்று முந்நூறு பாடல் இருக்க வேண்டும். ஆனால் சுவடிக்குச் சுவடி பாடல்கள் மாறுகின்றன. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லை. நூற்றுக்கணக்கான சுவடிகளை ஒப்பிட்டு, 1948இல் வந்த ஆய்வுப்பதிப்பில் பாடல்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்: எல்லா மரபுகளிலும் பொதுவாக வருபவை, சில மரபுகளில் மட்டும் வருபவை, உதிரியாகத் தலைகாட்டுபவை. முதல் அடுக்கில் தேறியது சுமார் 200. 'முந்நூறு' என்கிற கணக்கை நிரப்பப் பின்னால் வந்தவர்கள் பாடல் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள்.

சுவடி ஒப்பீட்டில் இறங்குபவர்கள் இதில் கற்க ஒன்று உண்டு. எத்தனை சுவடியில் வருகிறது என்று தலை எண்ணினால் போதாது. ஒரே மூலத்தைப் பார்த்து எழுதிய ஐம்பது படிகள் ஐம்பது சாட்சி ஆகாது, ஒரு சாட்சிதான். முதலில் சுவடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரி, பிறகு குடும்பங்களை எண்ணு.

வித்யாகரர் தொகுத்த சமஸ்கிருதப் பாடல் திரட்டையும் வி. வி. கோகலேயுடன் சேர்ந்து பதிப்பித்தார். ஹார்வர்டு கீழைத்தேய வரிசையில் 1957இல் வந்தது. சமஸ்கிருதக் கவிதையின் வர்க்க அடிப்படையைப் பற்றி அதன் முன்னுரையில் அவர் எழுதியதை அதே பாடல்களை மொழிபெயர்த்த இங்கல்ஸ் கடுமையாக மறுத்தார். பதிப்பின் தரத்தில் இருவருக்கும் சண்டை இல்லை.

அவருடைய களப்பணி எப்படி இருக்கும்?

கைத்தடி, குறிப்பேடு, நடைப்பயணம். புனேயைச் சுற்றிய குன்றுகள், ஜுன்னர், கார்லே, பாஜா குகைகள், மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாய்கள்தான் களம். குங்குமச் சிவப்புப் பூசிய உருவமற்ற கல்லைத் தெய்வமாகக் கும்பிடும் இடங்களைத் தேடிப் போவார். ஊருக்குள் இருக்கும் கோயிலைவிட, ஊரை விட்டுத் தள்ளித் தடங்கள் சந்திக்கும் இடத்தில் இருக்கும் தாய்த்தெய்வம் அவருக்கு முக்கியம். அங்கே தரையைக் கூர்ந்து பார்ப்பார். கால்செடனி என்கிற குவார்ட்ஸ் வகைக் கல்லில் உடைத்த, விரல் நகத்தளவே இருக்கும் கற்கருவிச் சில்லுகள் பல இடங்களில் கிடந்தன. உழவு வருவதற்கு முன்பு மந்தையோடு அலைந்தவர்கள் பருவந்தோறும் கூடிய இடங்களே இவை, தெய்வம் அங்கேயே நின்றுவிட்டது, பிற்கால வணிகத் தடமும் பௌத்தக் குகைகளும் அதே பாதையைப் பிடித்து வந்தன என்பது அவர் வாதம். கார்லேயில் சைத்தியம் எனப்படும் பௌத்த வழிபாட்டுக் குகையின் வாசலிலேயே கோலி மீனவர்கள் பம்பாயிலிருந்து வந்து கும்பிடும் தேவி கோயில் இருப்பதை அவர் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை.

மகாராஷ்டிர மேய்ப்பர்களின் மசோபா எருமையோடு தொடர்புள்ள தெய்வம். ஓரிடத்தில் தேவி எருமை அசுரனைக் கொல்கிறாள். இன்னோரிடத்தில் மசோபாவுக்கு மனைவியாக அமர்ந்திருக்கிறாள். இரண்டு கூட்டங்கள் மோதிய இடமும் கலந்த இடமும் இப்படித் தெய்வத்தின் குடும்பக் கதையில் பதிந்திருக்கின்றன என்று படித்தார். பரண் ஏறிப் பழைய ஏட்டைத் தேடுவதற்கு முன் வாசலில் நிற்பவரைக் கேள் என்பது அவர் போக்கு.

அதே முறையில் நம் ஊரில் பார்க்கலாமா?

பார்க்கலாம், எச்சரிக்கையோடு. சாலைக்கு உடைத்த ஜல்லியும் தானாக வெடித்த கல்லும் கற்கருவி போலவே தோன்றும். கருவி என்றால் அடித்த இடத்தில் சிறு குமிழ் போன்ற புடைப்பும், ஒரே திசையில் சீவிய தடங்களும் தெரியும். ஒரு சில்லை வைத்து முடிவு செய்யாதீர்கள், கருவியைச் சீவியெடுத்த மூலக்கல்லும் கழிவுச் சில்லுகளும் சேர்ந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள். தரைமேல் கிடப்பதற்குக் காலம் சொல்ல முடியாது. கோசாம்பியின் வாதத்தின் பலவீனமான கண்ணியும் இதுதான்: சில்லும் தெய்வமும் ஒரே இடத்தில் இருப்பதால் இரண்டும் ஒரே காலத்தில் தொடங்கின என்று ஆகாது. சில்லு கிடைக்காத கோயில்களையும், கோயில் இல்லாமல் சில்லு மட்டும் கிடைக்கும் இடங்களையும் சேர்த்துக் கணக்கெடுத்தால்தான் ஒப்பீடு முழுமையாகும். படம் எடுங்கள், அளவுகோல் வைத்து எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், பொருளை அங்கேயே விடுங்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்தில் பொறுக்குவது குற்றம்.

வரலாற்றில் அவருடைய மையக் கருத்து என்ன?

உற்பத்திச் சாதனங்களிலும் உற்பத்தி உறவுகளிலும் அடுத்தடுத்து வந்த மாற்றங்களைக் காலவரிசையில் சொல்வதே வரலாறு என்று 1956இல் வந்த 'ஆன் இன்ட்ரொடக்ஷன் டு தி ஸ்டடி ஆஃப் இந்தியன் ஹிஸ்டரி' என்ற தம் பெரிய நூலில் வரையறுத்தார். எந்த அரசன் எப்போது ஆண்டான் என்பதைவிட, அந்த ஊரில் கலப்பை இருந்ததா என்பது முக்கியமான கேள்வி. இந்தியாவில் எல்லா இடமும் ஒரே நேரத்தில் மாறவில்லை. வேட்டையும் மேய்ச்சலும் உழவும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒரே காலத்தில் நடந்தன. கலப்பை நுழைந்த இடங்களில் பழங்குடிகள் சாதிகளாக உள்ளிழுக்கப்பட்டார்கள். அவர்களுடைய தெய்வங்கள் பெரிய தெய்வங்களின் மனைவி, மகன், அவதாரம் ஆனார்கள். வன்முறை குறைவாகவும் மூடநம்பிக்கை அதிகமாகவும் இந்த இணைப்பு நடந்தது என்பது அவர் கணிப்பு.

நிலமானிய முறையை இரண்டாகப் பிரித்தார். பேரரசன் சிற்றரசர்களிடம் திறை வாங்கிக்கொண்டு அவர்களை அவரவர் இடத்தில் ஆளவிடுவது மேலிருந்து வந்த நிலமானியம். கிராமத்துக்குள்ளேயே அரசுக்கும் உழவனுக்கும் நடுவே நிலவுடைமைக் கூட்டம் முளைத்து வலுப்பெறுவது கீழிருந்து வந்தது. கீதையைப் பற்றிய கட்டுரையில், பக்தி என்கிற தனிப்பட்ட விசுவாசம் இந்த அமைப்புக்கு எவ்வளவு வாகாகப் பொருந்தியது என்று காட்டினார்.

மார்க்சியர்தானே? பிறகு ஏன் மார்க்சியர்களோடு சண்டை?

மார்க்ஸின் முறை வேண்டும், மார்க்ஸ் சொன்ன ஒவ்வொரு முடிவும் வேண்டியதில்லை என்றார். இந்தியச் சமூகத்துக்கு வரலாறே இல்லை என்ற மார்க்ஸின் கூற்றை மறுத்தார். கம்யூனிஸ்ட் தலைவர் டாங்கே, பண்டைய இந்தியாவை ஆதிப் பொதுவுடைமை, அடிமை முறை என்ற படிவரிசையில் பொருத்தி 1949இல் வெளியிட்ட நூலுக்குக் கோசாம்பி எழுதிய மதிப்புரை ஈவிரக்கமற்றது. கிரேக்க, ரோம பாணி அடிமைப் பொருளாதாரம் இங்கே இருந்ததற்குச் சான்று எங்கே என்பதுதான் அவர் கேள்வி. 'அதிகாரபூர்வ மார்க்சியர்கள்' என்று ஒரு கூட்டத்தையே பெயர் சூட்டிச் சாடினார். நேருவின் இந்திய வரலாற்று நூலுக்கு 1946இல் எழுதிய மதிப்புரையும் படிக்க வேண்டியது: இந்திய முதலாளி வர்க்கம் வயதுக்கு வந்துவிட்டதை அந்த நூல் தெரியாமலே காட்டிக்கொடுக்கிறது என்றார்.

அணுசக்தியை எதிர்த்தாரா?

எதிர்த்தார். உலக அமைதி இயக்கத்தில் தீவிரமாக இருந்தார். பெய்ஜிங், ஹெல்சிங்கி மாநாடுகளுக்குப் போனார். ஆனால் அணுமின்சாரத்தை மறுத்ததற்கு அமைதி மட்டும் காரணம் இல்லை, கணக்கும் காரணம். அணுமின்சாரத்தின் உண்மையான செலவு மறைக்கப்படுகிறது, கழிவை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை, மூலதனம் முழுக்க ஓரிடத்தில் குவிகிறது. வெயிலோ தேவைப்படும் இடத்திலேயே விழுகிறது. நீண்ட கம்பிவடங்கள் இல்லாமல் சிற்றூரில் பயன்படுத்தலாம். ஆகவே இந்தியா ஆராய்ச்சிப் பணத்தைச் சூரிய ஆற்றலில் போட வேண்டும் என்று 1957 முதல் திரும்பத் திரும்ப எழுதினார், பேசினார். இதை அணுசக்தித் திட்டத்தின் தலைவரான பாபா நடத்திய நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே செய்தார். 1962இல் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இந்த எதிர்ப்பு, ரீமான் விவகாரம், கணிதத்தைவிட வரலாற்றுக்குக் கொடுத்த நேரம் மூன்றும் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

அவர் சொன்னதில் எது காலாவதியாகிவிட்டது?

சிந்துவெளியில் கலப்பை இல்லை, வெள்ளம் வடிந்த மண்ணைப் பரம்பு போன்ற கருவியால் கீறி விதைத்தார்கள் என்று எழுதினார். ராஜஸ்தானின் காலிபங்கனில் ஹரப்பாவுக்கு முந்தைய அடுக்கிலேயே உழுத வயல் கிடைத்துவிட்டது. குறுக்கும் நெடுக்குமான உழவுச் சால்கள் அப்படியே இருந்தன. ஆரியர் படையெடுத்து நகரங்களை அழித்தார்கள் என்று அவர் நம்பியதற்கும் அகழாய்வு துணை நிற்கவில்லை. மகதத்தின் எழுச்சிக்கு இரும்புத் தாதும் இரும்புக் கோடரியும் காடழிப்புமே காரணம் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. நிலமானியம் என்ற சொல்லே இந்தியாவுக்குப் பொருந்துமா என்று 1980களில் பெரிய விவாதமே நடந்தது.

தமிழ் வாசகர்களுக்குக் கண்ணில் படும் குறை, தென்னிந்தியா அவர் நூல்களில் மெலிந்து கிடப்பது. சங்க இலக்கியத்தை அவர் கையாளவில்லை. வேட்டை, மேய்ச்சல், உழவு மூன்றும் ஒரே காலத்தில் அருகருகே இயங்கியதைத் திணைப் பாகுபாடு எவ்வளவு தெளிவாகப் பதிந்திருக்கிறது! சமனற்ற வளர்ச்சி என்ற நோக்கில் திணையைப் படிக்கும் வேலையைக் கா. சிவத்தம்பி போன்றவர்கள் செய்தார்கள்.

எந்த நூலில் தொடங்கலாம்?

1956இன் பெரிய நூலில் தொடங்காதீர்கள்; வகுப்பில் பரிந்துரைப்பதால் எல்லோரும் அதை எடுத்துப் பாதியில் வைத்துவிடுகிறார்கள். முதலில் 1962இல் வந்த 'மித் அண்ட் ரியாலிட்டி'. கீதை, ஊர்வசி, தாய்த்தெய்வங்கள், தக்காணத் தடங்கள், கோவாவின் கிராமச் சமூகம் என்று ஐந்தே கட்டுரை. களமும் நூலும் எப்படி இணைகின்றன என்று அதில்தான் நன்றாகத் தெரியும். அடுத்து 1965இல் பொது வாசகருக்காக எழுதிய பண்பாட்டு வரலாறு; 'பண்டைய இந்தியா' என்ற பெயரில் தமிழிலும் உண்டு. அதன்பின் பெரிய நூல். காசுகளில் ஆர்வம் உள்ளவர்கள் 'சயின்டிபிக் அமெரிக்கன்' 1966 பிப்ரவரி இதழில் அவர் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு ஆய்வுக்கட்டுரைகளுக்குப் போகலாம்.

அவருடைய கட்டுரைகளை மொழிபெயர்த்து வெளியிட அனுமதி வேண்டுமா?

இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை. கோசாம்பி 1966இல் இறந்தார். ஆகவே அவர் வாழ்நாளில் வெளியானவை 2026 டிசம்பர் 31 வரை உரிமைக்கு உட்பட்டவை, 2027 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. இறந்தபின் முதன்முதலாக அச்சேறியவற்றுக்கு வெளியான ஆண்டிலிருந்து கணக்கு. பின்னால் வந்த தொகுப்புகளின் பதிப்பாசிரியர் முன்னுரை, குறிப்புகள், ஏற்கெனவே வந்த தமிழ் மொழிபெயர்ப்புகள் இவற்றுக்குத் தனி உரிமை உண்டு. அவற்றைத் தொடாமல் மூல ஆங்கிலத்திலிருந்து நேரடியாகச் செய்யுங்கள்.